ஒரு பக்கச் சுமை

"அந்தச் சத்தம் நிக்கணும் தம்பி. இல்லன்னா வேற வீடு பாத்துக்குங்க."

கீழ்வீட்டு ஓனர் அம்மா பாதிப் படியில் நின்றே சொல்லிவிட்டுப் போனபோது, அவன் வாஷிங் மெஷினுக்கு அடியில் டார்ச்சைக் காட்டியபடி குப்புறக் கிடந்தான். எழுந்து சமாதானம் சொல்வதற்குள் கீழே கதவு சாத்தப்பட்டுவிட்டது.

ஊரில் பாதிக் கட்டடங்களில் லிஃப்ட் நின்றுபோனால் இவனைத்தான் கூப்பிடுவார்கள். சொந்த வீட்டு மெஷின் மட்டும் இரண்டு வாரமாக இவனைப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தது. மேலே மூடி திறந்து துணி போடுகிற பழைய ரகம். துணியைப் பிழியும் நேரம் வந்தால் போதும், உள்ளே டிரம் தடார் தடாரென்று மோதி மாடியே பெயர்ந்து விழுகிற மாதிரி ஆட்டம் போட்டது.

மெஷினாவது பரவாயில்லை. மனைவியும் அதே இரண்டு வாரமாகச் சரியில்லை, அதுதான் அவனை அரித்துக்கொண்டிருந்தது. முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கதவை அறைந்து சாத்துகிறாள், பாத்திரத்தை நங்கென்று தரையில் போடுகிறாள். நேற்று குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அவள் அழுதது, தண்ணீர்ச் சத்தத்தையும் மீறி வெளியே கேட்டது.

என்னவென்று கேட்டால் "ஒண்ணுமில்லைங்க" என்பதோடு சரி.

கைக்குழந்தையை வைத்துக்கொண்டு இந்தச் சனியனோடு மல்லுக்கட்டினால் யாருக்குத்தான் அழுகை வராது? இது சரியாகிவிட்டால் அவளும் பழையபடி சிரிப்பாள் என்று நினைத்தான். அந்தச் சிரிப்புக்காகத்தான் கிடைத்த ஒரு நாள் விடுப்பில் ஓய்வையும் விட்டுவிட்டு இப்படித் தரையில் கிடந்தான், பாவம்.

மூடியின்மேல் தம்ளரில் தண்ணீர் வைத்து மட்டம் பார்த்தான். எந்தப் பக்கமும் சாயவில்லை. டிரம்மைத் தாங்குகிற கம்பிகளைத் தொட்டுப் பார்த்தான், எல்லாம் கொக்கியில் ஒழுங்காகத்தான் இருந்தன. தன் யூனிஃபார்ம், துண்டு, குழந்தையின் சட்டை என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் பரவலாகப் போட்டுப் பிழிய விட்டான். மெஷின் முனகக்கூட இல்லை.

"இங்க வந்து பாரேன். நான் போட்டா சமத்தா ஓடுது. உன்னைக் கண்டாத்தான் அதுக்கு ஆகல போலிருக்கு."

அவள் சிரிக்கவில்லை. ஊறிய கனத்த போர்வையை வாளியோடு தூக்கிக்கொண்டு வந்தாள்.

"நகருங்க. இதைப் போடணும்."

"போர்வையை நல்லா பரத்தித்தானே போடற?"

"ம்."

"அப்புறமா போடேன். குட்டி இப்பத்தான் எழுந்து விளையாடறா."

"நகருங்கன்னு சொல்றேன்ல."

அவன் நகர்ந்தான். கூடத்தில் மெத்தை விரித்த மரத்தொட்டிலில் மகள் இந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். பிறந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. கரண்டி ஒன்றை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு, அதற்கே ஒரு பாட்டும் பாடிக்கொண்டிருந்தாள். போகிற போக்கில் அவள் தலையைக் கோதிவிட்டு, கையில் ஒட்டியிருந்த கறையைக் கழுவ அவன் சமையலறைக்குப் போனான்.

சோப்பு போடக்கூட இல்லை. தடார், தடார், தடார்.

அலமாரியில் இருந்த தம்ளர் உருண்டு விழுந்தது. கீழே ஓனர் அம்மா கழியால் கூரையை இடிக்க ஆரம்பித்தார். ஈரக் கையோடு அவன் அலறியடித்துக்கொண்டு ஓடிவந்தான்.

மெஷின் பக்கத்தில் அவள் இல்லை. கூடத்து வாசலில் சுவரோடு ஒட்டி நின்று, கையால் வாயைப் பொத்திக்கொண்டு, தொட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை மிரண்டுவிடுமோ என்ற பயமாக இருக்கும். அவனும் பார்த்தான். மகள் பாட்டுக்குக் கரண்டியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"அவளுக்கென்ன, எங்கம்மா மாதிரி. பக்கத்துல இடி விழுந்தாலும் அசைய மாட்டா," என்று தேற்றினான். அவள் முகம் கோணிக்கொண்டு போனது. இதற்கு ஏன் இப்படி ஆகிறாள் என்று அவனுக்குப் புரியவில்லை.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைத் திறந்தான்.

போர்வையைப் பந்தாகச் சுருட்டி, நைலான் கயிற்றால் இறுக்கி முடிச்சுப் போட்டு, டிரம்மின் ஒரே பக்கத்தில் திணித்திருந்தது. தானாகச் சுருண்டால் கயிறு எங்கிருந்து வரும்? வீட்டில் இருப்பதோ அவனும் அவளும்தான். அவனுக்கு எங்கிருந்தோ ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"வேணும்னேதான் பண்றியா? ரெண்டு வாரமா நான் இதுக்கு அடியில கிடந்து சாகறேன். அந்தம்மா வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டுப் போறாங்க. என் மேல கோவம்னா என்கிட்ட காட்டு. இந்த மெஷின் உனக்கு என்ன பண்ணுச்சு?"

அவன் வீட்டில் இவ்வளவு உரக்கக் கத்தி அவள் கேட்டதில்லை. ஆனாலும் அவன் பக்கம் திரும்பவில்லை. அவள் கண் தொட்டிலை விட்டு நகரவே இல்லை. அங்கே மகள் முதுகைக் காட்டியபடி, கரண்டியைத் திருப்பிப் பிடித்து மறுமுனையைக் கடிக்க ஆரம்பித்திருந்தாள்.

"உங்க மேல எனக்கென்னங்க கோவம்," என்றாள்.

"இந்தச் சத்தத்துக்காவது குட்டி திரும்பிப் பாப்பாளான்னுதாங்க..."