துடித்த சுண்டுவிரல்

“பாருங்க தம்பி, அசையுது!”

திரையில் தெரிந்த கையின் சுண்டுவிரல் லேசாகத் துடித்தது. கட்டிலில் சாய்ந்திருந்த தையற்காரரின் முகம் மலர்ந்தது. வாதத்தில் வலது கை விழுந்ததிலிருந்து, இந்தப் பயிற்சி நேரத்தில்தான் அவர் சிரிக்கிறார்.

“உங்க சட்டைல ஒரு பட்டன் ஆடிக்கிட்டிருக்கு. கை வரட்டும், முதல் தையல் அதுக்குத்தான். கூலி வேண்டாம், போங்க!”

இணைப்பைச் சரிபார்க்க வந்ததாகச் சொல்லி உட்கார்ந்திருந்த மென்பொருள்காரர், அந்தப் பட்டனை விரலால் பிடித்துக்கொண்டார்.

தையற்காரர் மாட்டியிருந்த கையுறை, விரல்களின் நிலையைத் தொலைவிலுள்ள சர்வருக்கு அனுப்பும். அங்கே வரையப்படும் கையின் உருவம், சுருக்கப்பட்டு இந்த வீட்டு பிரவுசருக்கு வரும். நெட் மெதுவான வீடுகளுக்காக அதை மேலும் சுருக்கியவர் இவர்தான். அந்த உருவத்தைக் குறிக்கும் எண்களின் கடைசி இலக்கங்களை அளவுக்கு மீறி வெட்டிவிட்டார். அதனால் வந்த தள்ளாட்டம்தான் திரையில் துடிப்பாகத் தெரிந்தது. நிஜ விரல் அசையவே இல்லை.

நேற்றுத்தான் கண்டுபிடித்தார். சத்தமில்லாமல் திருத்திவிடலாம். ஆனால் திரையில் விரல் நின்றுபோனால் இந்த மனிதர் உடைந்துபோவார். திருத்தாமல் விட்டாலோ, நாளைக்கு எந்த முகத்தோடு கடவுள் முன்னால் கைகூப்புவது?

தையற்காரரின் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். “படம் இன்னும் தெளிவா வர்ற மாதிரி மாத்தித் தரட்டுமா?” என்று இவர் போன மாதம் போனில் கேட்டபோது, “ஐயோ, எதையும் தொட்டுடாதீங்க” என்று பதறியவர்.

காலி டம்ளரோடு அவர் பின்னாலேயே சமையலறைக்குப் போனார் மென்பொருள்காரர்.

“அக்கா... திரையில அசையறது அண்ணனோட விரல் இல்ல. படத்தைச் சுருக்குனதுல நான் பண்ண தப்பு. வீணா ஆசை காட்டிட்டேன். மன்னிச்சிருங்க.”

அந்த அம்மாள் குழாயை மூடினார். உள்ளேயிருந்து குரல் வந்தது.

“ஏம்மா, இன்னொரு தடவை பண்ணிப் பாக்கலாமா? இன்னைக்கு நல்லா வருது!”

“இதோ வந்துட்டேங்க!” என்று உற்சாகமாகக் குரல் கொடுத்தவர், மெல்லத் திரும்பினார். கண்கள் நிறைந்திருந்தன.

“சாப்பாடே வேண்டாம்னு சுவரைப் பார்த்துப் படுத்திருந்த மனுஷன் தம்பி. இப்பத்தான் ரெண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடறார்.”

“அதனாலதான் மனசு அறுக்குது. உங்க ரெண்டு பேரையும் ஏமாத்திட்டேனே அக்கா.”

அந்த அம்மாளின் தலை குனிந்தது.

“முதல் நாள், கையுறை மேசை மேல சும்மா கிடந்தப்பவே அந்த விரல் துடிச்சுது தம்பி.”