கொஞ்சம் உறுமணும்

பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு, மெக்கானிக் மருதையன் இன்னொரு தடவை கேட்டான்.

"அக்கா, இது காலேஜ் பசங்க போடறதுங்க. மிதிச்சா ஊருக்கே கேக்கும். பரவால்லையா?"

"கேக்கட்டும், போடுங்க," என்றாள் சுடர்விழி.

மன்னார்குடியில் ஒரு கல்லூரி நூலகத்தில் அவளுக்கு வேலை. 'சத்தம் போடாதீங்க' என்று சொல்லிச் சொல்லியே பொழுது போகிற உத்தியோகம். அப்படிப்பட்டவள், வேகப் பைத்தியம் பிடித்த பையன்கள் ஆசைப்படுகிற ஏர் இன்டேக்கைத் தன் சின்னக் காருக்கென்று வரவழைத்துக்கொண்டு வந்து நின்றால் யாருக்குத்தான் வியப்பு வராது?

வீட்டுக்காரர்கூட, "உனக்கு என்ன ஆச்சு?" என்றுதான் கேட்டார்.

அவள் காரணம் சொல்லவில்லை. சொல்லி, நடக்காமல் போனால் இரண்டு பேரும் ஏமாற வேண்டும். ஒருத்தி ஏமாந்தால் போதும்.

காரோடு வந்த கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டியை மருதையன் கழற்றினான். இன்ஜினுக்குக் காற்று அதன் வழியாகத்தான் போகும். சத்தத்தை அமுக்கி வைப்பதும் அதுதான். அந்த இடத்தில் அலுமினியக் குழாய் உட்கார்ந்தது. அதன் நுனியில் கூம்பாகச் சிவப்பு ஃபில்டர். மழைத் தண்ணீர் ஏறாதபடி அதை உயர்த்தி நிறுத்தினான். கிளாம்பின் ஸ்க்ரூ நழுவி வண்டிக்கு அடியில் ஓடியபோது, சுடர்விழியே குனிந்து தேடி எடுத்துக் கொடுத்தாள். துப்பட்டாவெல்லாம் ஆயில்.

அவளுடைய ஐந்து வயது மகள் பரிதி, பட்டறை வாசல் பெஞ்சில் காருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். ரோட்டுக்கு அந்தப் பக்கம், அறுப்பு முடிந்த வயலில் வாத்துக் கூட்டம் மேய்ந்துகொண்டிருந்தது. வைத்த கண் வாங்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஸ்டார்ட் பண்ணுங்கக்கா."

சுடர்விழி ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். வண்டி குலுங்கி, அணைந்துபோனது.

"சென்சார் ஒயர மாட்ட மறந்துட்டேங்க!" மருதையன் நாக்கைக் கடித்துக்கொண்டு ஒயரைக் குழாயில் சொருகினான்.

மறுபடி திருப்பினாள். இந்தத் தடவை ஓடியது. ஆக்சிலரேட்டரை மெதுவாக அழுத்தினாள். அடித்தொண்டையிலிருந்து வருவதுபோல் ஓர் உறுமல் கிளம்பியது. இன்னும் அழுத்தினாள். பக்கத்து டீக்கடையில் நின்றவர்கள் முகம் சுளித்துத் திரும்பினார்கள்.

அவள் அவர்களைக் கவனிக்கவில்லை. பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பரிதியின் தலை அசைந்தது. காதுக்குப் பின்னால் மாட்டியிருந்த, காது கேட்பதற்கான புதுக் கருவியை ஒரு கையால் பொத்திக்கொண்டு முழுசாகத் திரும்பினாள். காரைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள்.

கனத்த சத்தம்தான் முதலில் பிடிபடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். போன வாரம் ரயில்வே கேட்டில் ஒரு லாரி உறுமியபோது குழந்தை நிமிர்ந்ததைச் சுடர்விழியும் கண்டிருந்தாள்.

ஆனாலும் இது தற்செயலாக இருக்கலாம். காலை எடுத்தாள். பரிதியின் பார்வை மறுபடியும் வாத்துகளிடம் போய்விட்டது.

மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை மிதித்தாள்.

பரிதி திரும்பினாள். இந்த முறை சிரித்துக்கொண்டே.

பெற்ற நாளிலிருந்து, பின்னாலிருந்து அம்மா கூப்பிட்டு மகள் திரும்பிப் பார்த்தது அன்றுதான் முதல் தடவை.