கடைசியில் நிற்பவன்

"இது யார் தப்பு?"

திரையில் ஓடிக்கொண்டிருந்த ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார் ஹாஸ்கல். அமெரிக்கக் கால்பந்து அணி ஒன்றின் ஜெனரல் மேனேஜர்.

எதிரே உட்கார்ந்திருந்த டாலிவர் திரையைப் பார்த்தான். பந்தை வாங்கிய எதிரணிக்காரன் அவனைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தான்.

"என் தப்பு சார்."

மேசைக்கு இந்தப் பக்கம் ஐந்து பேர். கடைசி நாற்காலியில் இருந்த கிம்பலுக்குச் சிரிப்பு வந்தது. இவர்கள் காதில் இந்த வார்த்தை விழுந்து எத்தனை வருஷம் இருக்கும்?

போன சீசனில் பதினேழு ஆட்டங்களில் பதினான்கில் தோற்ற அணி அது. அதுவும் ஒருத்தர்கூடத் தப்பே செய்யாமல் தோற்றது. ஹாஸ்கலைக் கேட்டால் கோச் சரியில்லை என்பார். கோச் மெக்ரேயைக் கேட்டால் ஹாஸ்கல் பிடித்துத் தந்த ஆட்கள் சரியில்லை என்பார். முதலாளி புல்தரையைக் குறை சொல்லி, அதைத் தோண்டிப் போட்டுவிட்டுப் புதிதாக விரித்தார். கடைசியில் பின்வரிசையில் நின்ற சேஃப்டியை வீட்டுக்கு அனுப்பினார்கள். எல்லாரையும் தாண்டி வருகிறவனைப் பிடித்துக் கவிழ்க்க வேண்டிய கடைசி ஆள் அவன். பழி போட அதைவிட வசதியான இடம் மைதானத்தில் கிடையாது.

"எங்க ஆபீஸ்ல முகம் பார்க்கிற கண்ணாடி பாத்ரூம்ல மட்டும்தான் இருக்கு. அதையும் எவனும் பார்க்கிறதில்லை" என்று வீட்டில் மனைவியிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார் கிம்பல்.

காலியான அந்த இடத்துக்குத்தான் இப்போது ஆள் தேடுகிறார்கள். ஏப்ரலில் டிராஃப்ட்; அணிகள் முறைவைத்துக் கல்லூரி ஆட்டக்காரர்களைப் பொறுக்கி எடுக்கிற நாள். அதற்கு முன் கல்லூரிப் பையன்களை இண்டியானாபொலிஸுக்கு வரவழைத்து, ஆளுக்குப் பதினெட்டு நிமிஷம் விசாரணை.

டாலிவர், கிம்பலின் கண்டுபிடிப்பு. ஊர் ஊராகக் காரில் போய்க் கல்லூரி ஆட்டங்களைப் பார்த்து அறிக்கை எழுதுவது அவர் வேலை. இருபத்திரண்டு வருஷமாக அதே வேலை. கூட அலைந்த வால்ட் ஜனவரியில் ரிட்டயராகிவிட்டதால் இப்போது தனி ஆள். நவம்பரில், கொட்டுகிற பனியில் ஓஹையோவில் நின்று இவனுடைய மூன்று ஆட்டங்களைப் பார்த்துவிட்டு, 'இவனை விட்டால் நாம் முட்டாள்கள்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார்.

ஹாஸ்கல் அடுத்த காட்சியைப் போட்டார். இதில் தப்பு பச்சைக் குழந்தைக்கும் தெரியும். ஓரத்தைக் காக்க வேண்டிய எட்டாம் எண்காரன், தன் ஆளை விட்டுவிட்டு நடுவில் வந்து நிற்கிறான்.

"இது?"

"என்னுதுதான் சார்."

"எட்டாம் நம்பர் எங்க நிக்கணும் தம்பி?"

"ஓரத்துல."

"நின்னானா?"

"நிக்கலை. அவன் நகர்றதை நான் பார்த்தேன் சார். கத்திச் சொல்லியிருக்கணும். சொல்லலை."

மெக்ரேக்குப் பொறுமை போய்விட்டது. கூட்டாளியைக் காப்பாற்றுகிறாயா என்று கேட்டார்.

"இல்ல கோச். பின்னாடி நிக்கிறவன் கண்ணுக்கு எல்லாரும் தெரியுறாங்க. தெரிஞ்சும் சும்மா இருந்தா, அது என் தப்புதானே?"

மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் அதே பதில்தான். நேரம் முடிந்ததும் எழுந்து, ஐந்து பேருக்கும் கை கொடுத்துவிட்டுப் போனான்.

கதவு சாத்தியதும் தீர்ப்பு வந்தது. பையனுக்கு ஆட்டமே புரியவில்லை என்றார் மெக்ரே. மனநல ஆலோசகர் 'தன்னம்பிக்கை போதாது' என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டார்.

அடுத்து பிரேட்டர் வந்தான். அவனுக்கும் நான்கு காட்சிகள். முதலாவதில் தப்பு ஓரத்து ஆளுடையது. இரண்டாவதில் கோச்சுடையது. மூன்றாவதில் மழை. நான்காவதில் நடுவர் விசில் ஊதவில்லை. கையை ஆட்டி ஆட்டி ஒவ்வொன்றுக்கும் விளக்கம் சொன்னான். மெக்ரே அவனைச் சொந்தப் பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"இவனுக்கு ஆட்டம் தெரியுது" என்றார், அவன் போனதும்.

தெரியாமலா, என்று நினைத்துக்கொண்டார் கிம்பல். நம் ஆபீஸிலேயே பிறந்து வளர்ந்தவன் மாதிரி அல்லவா பேசுகிறான்.

இனிச் சும்மா இருப்பதில்லை என்று முடிவு செய்தார். சொல்ல வேண்டியது கையில் இருந்தது. அந்த நான்கில் ஒன்றுகூட டாலிவரின் தப்பில்லை என்று அவனுடைய கல்லூரிக் கோச்சே சொல்லியிருந்தார். அடுத்தவர்கள் கோட்டைவிட்டதை அவன் ஓடிப் பிடித்துக் காப்பாற்றிய தடவைகள், அந்த சீசனில் மட்டும் பத்தொன்பது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு தொண்டையைச் செருமினார்.

அதற்குள் ஹாஸ்கல், டாலிவரின் பெயர் எழுதிய தாளைக் கசக்கிக் கூடையில் எறிந்தார்.

"நாலு மாசமா இவன் பேரு பட்டியல்ல முதல்ல இருக்கு. யாருய்யா இவனைக் கொண்டுவந்தது?"

குரலில் சூடு ஏறியிருந்தது. மே மாதம் எல்லாருடைய ஒப்பந்தமும் முடிகிறது. யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று முடிவெடுப்பவரும் அவர்தான்.

அறிக்கை எழுதுகிற ஆள் அந்த அறையில் ஒருவர்தான். எல்லாரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

கிம்பல் தன் முன்னால் கிடந்த அறிக்கையைப் பார்த்தார். கடைசிப் பக்கத்தில் அவர் கையெழுத்து பளிச்சென்று இருந்தது. அதை மெதுவாகக் கவிழ்த்து வைத்தார்.

"நம்ம வால்ட்தான் சார். ஜனவரியில ரிட்டயராகிப் போனாரே, அவரோட தப்பு."