பாண்டுப் கருங்கல்

“ஒத்தக் கல்லுக்கா செம்பூர்லருந்து ரெண்டு ரயிலு மாறி வந்திய?” என்றாள் பேராச்சி. கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, வந்தவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“சும்மா கல்லு இல்லக்கா. பாக்குறவுக அசந்து போகணும். அது இல்லாமப் போனா எம் பேர அடிச்சிருவாக” என்றாள் சகாயராணி. பாண்டுப்பில் கல் உடைக்கிற இடத்தில் தமிழ் பேசுகிறவள் ஒருத்தியாவது இருப்பாள் என்று நம்பித்தான் வந்திருந்தாள்.

அவள் தாராவியில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் தற்காலிக டீச்சர். போன டிசம்பரில் பூகம்பம் வந்து பம்பாயே ஆடிப்போனதிலிருந்து, பாறை, மண், பூகம்பமெல்லாம் பிள்ளைகளுக்குப் பாடமாக வேண்டும் என்று பேச்சு. அதற்காக டீச்சர்களுக்குச் செம்பூரில் பத்து நாள் பயிற்சி வைத்தார்கள். அதை முடித்தவர்களுக்குத்தான் ஜூனில் வேலை என்று ஹெட்மாஸ்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

புருஷன் தனசீலனுக்குத் தோல் கிடங்கு வேலை போய் ஆறு மாதம். இவள் வேலையும் போனால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய், மச்சினன் வீட்டில் கையைக் கட்டி நிற்க வேண்டியதுதான்.

முதல் நாளான இன்றே கோளாறு. காலையில் குர்லாவில் எந்த வண்டி என்று தெரியாமல் முழித்து, அவள் போய்ச் சேர்ந்தபோது மற்ற டீச்சர்களெல்லாம் ஹாலுக்குள் போயிருந்தார்கள். வாசல் மேஜையில் இருந்த ஆபீசர் அவளுடைய விண்ணப்பப் பாரத்தை வாங்கிப் பார்த்தார். பள்ளிக்கூடத்து கிளார்க் நிரப்பித் தந்த மராத்திப் பாரம் அது. அடியில் ஒரு கட்டம் மட்டும் காலியாகக் கிடந்தது.

ஆபீசர் அந்தக் கட்டத்தைப் பென்சிலால் தட்டித் தட்டி இந்தியில் ஏதோ சொன்னார். பிறகு ரிஜிஸ்டரில் அவள் பெயர்மேல் பென்சிலைக் குறுக்கே இழுப்பதுபோல் காட்டிவிட்டு, பாரத்தை அவளிடமே திருப்பிக் கொடுத்தார். அந்தச் சைகைக்கு எந்த பாஷையும் தேவையில்லை.

சகாயராணி பம்பாய்க்கு வந்து நாற்பது நாள்தான். தாராவியில் தமிழிலேயே தண்ணீர் பிடித்து, தமிழிலேயே சண்டை போட்டு, தமிழிலேயே பாடமும் நடத்திவிடலாம். இந்திக்கு வேலையே இல்லை. ஆபீசர் சொன்னதில் அவளுக்குப் பிடிபட்டது ‘கல்’ ஒன்றுதான். தமிழ் டீச்சர்கள் வருகிறார்கள் என்று அந்த ஒரு சொல்லையாவது மனுஷன் கற்று வைத்திருக்கிறாரே என்று அந்தக் கலக்கத்திலும் அவளுக்கு மனம் குளிர்ந்தது.

பேராச்சி எழுந்து குவியலைக் கிளறினாள். ஒரு கருங்கல்லைத் தேர்ந்தெடுத்து ஓங்கி ஒரே தட்டு தட்டினாள். இரண்டாகப் பிளந்த கல்லின் நடுவே ஒரு பொந்து. அதற்குள் கற்கண்டு பதித்ததுபோல வெள்ளைப் படிகம்.

“இதப் பாத்தா ஒங்க ஆபீசரு வாயப் பொளப்பாரு. கொண்டு போங்க” என்றாள்.

வீட்டில் தனசீலன் கல்லைக் கையில் வாங்கிப் பார்த்தான். “படிக்கப் போனவ பாறையோட வந்திருக்க?”

“ஆபீசரு கொண்டாரச் சொன்னாரு. இல்லன்னா சேக்க மாட்டாராம்.”

“அப்ப பத்திரமாக் கொண்டு போ. நீ ஒருத்தியாவது வேலயில நில்லு” என்றான்.

பாரத்தின் காலிக் கட்டத்தில் ‘கருங்கல், பாண்டுப்’ என்று முத்து முத்தாக எழுதினாள். அடுத்த சந்தில்தான் ஹெட்மாஸ்டர் வீடு. அவரிடமும் காட்டலாமா என்று யோசித்தவள், இதற்கெல்லாமா அவரைத் தொந்தரவு செய்வது என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் பாரத்தையும் கல்லையும் ஆபீசர் மேஜையில் வைத்தாள். அவர் கல்லைப் பார்த்தார், பாரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அதற்குள் பாடம் நடத்தும் புரொபசர் அந்தப் பக்கமாக வந்தவர், கல்லை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பாக அதை ஹாலுக்குள் கொண்டு போனார். சகாயராணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

வேறு யார் கையிலும் கல் இல்லை. நேற்றே கொடுத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

பதினொரு மணிக்கு ஆபீசர் பட்டியலைப் படித்தார். அவள் பெயர் வரவில்லை. ஓடிப்போய் ரிஜிஸ்டரைப் பார்த்தாள். அவள் பெயர்மேல் சிவப்பு மையில் கோடு. பட்டியலைப் பியூன் தலைமை ஆபீசுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஹாலுக்குள் அவள் கொண்டுவந்த கல் கைக்குக் கை மாறிக்கொண்டிருந்தது.

மாட்டுங்கா பள்ளிக்கூடத்து டீச்சர் விசாலாக்ஷி, அவளுக்காக ஆபீசரிடம் இந்தியில் மன்றாடிப் பார்த்துவிட்டு வந்தாள்.

“அந்தக் கட்டத்துல உங்க ஹெட்மாஸ்டர் கையெழுத்து வேணுமாம். நேத்திக்கே உங்ககிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னாராமே?”

“கையெழுத்தா? அத அவரு கேக்கவே இல்லயே” என்றாள் சகாயராணி. “கல்லுதான கேட்டாரு. கல், கல்லுன்னு மூணு வாட்டி சொன்னாரே.”

விசாலாக்ஷி மெதுவாக அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“டீச்சர், ஹிந்தியிலே ‘கல்’னா நாளைக்கு.”