இரும்புக் கால் மேசை

கூடத்தில் படீரென்று ஒரு சத்தம். சவரம் செய்துகொண்டிருந்த தணிகைவேல் பாதி முகத்தில் நுரையோடு ஓடினான். ஓடும்போதே அவன் மனம் ஒன்றைத்தான் வேண்டிக்கொண்டது: போனது வெல்டிங்காக இருக்கட்டும்.

சாப்பாட்டு மேசையைக் கணவனும் மனைவியும் சேர்ந்துதான் செய்தார்கள். மாமரப் பலகையை இழைத்து இழைத்துக் கண்ணாடியாக்கியது அவன். இரும்புக் கால்களைப் பற்றவைத்தது கோமளா. மூன்று மாதம் பயிற்சிக்குப் போய்க் கற்றுக்கொண்டு வந்தவள். வீட்டுக்கு வந்தவர்களோ குனிந்து கால்களைத்தான் பார்த்தார்கள். "கோடு போட்ட மாதிரி பத்த வெச்சிருக்கியேம்மா" என்று அவன் அப்பாவே சொன்னார். அதுவும் அவன் பலகைமேல் காபி டம்ளரை வைத்துக்கொண்டு.

பலகையைப் பூட்டிய அன்று கோமளா ஒன்று சொல்லியிருந்தாள்.

"வெயிலுக்கு மரம் சுருங்குங்க. அது நகர்றதுக்குத்தான் இரும்புல திருகாணி ஓட்டையை நீளமா விட்டிருக்கேன்."

"மரத்தைப் பத்தி நீ எனக்குச் சொல்றியா?"

அவள் விட்ட ஓட்டைகளை ஒதுக்கிவிட்டு, தானே வேறு ஓட்டை போட்டு, திருகாணிகளைப் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினான்.

இப்போது மேசைக்கு அடியில் மல்லாந்து படுத்து, பற்றவைத்த இடங்களை ஒவ்வொன்றாக விரலால் தடவினான். ஒரு கீறல்கூட இல்லை. நான்காவது காலுக்கு நகர்ந்தபோது, அவன் தலைக்கு அருகே கோமளாவின் பாதங்கள் வந்து நின்றன.

"அங்க என்னங்க தேடுறீங்க? வெடிச்சது மேல."