சீனக் கடைப் பொட்டலம்

“இந்தச் சம்பந்தம் வேண்டாம். பெட்டைக்கு ஏதோ வருத்தம்!”

லா சப்பல் சந்தியில் நின்றபடியே தில்லைநாயகி தீர்ப்புச் சொல்லிவிட்டாள். மகன் உதயனுக்குப் பேசியிருக்கும் சுபாங்கி, இப்போதுதான் சீன மருந்துக் கடையிலிருந்து பையும் கையுமாக வெளியே போனாள்.

“இஞ்சேரும், தேயிலை ஏதும் வாங்கியிருப்பாள்,” என்றார் கணவர் இரத்தினம்.

“நீங்கள் சும்மா இருங்கோ.”

விறுவிறென்று கடைக்குள் நுழைந்தாள். கெட்டிக்காரி! சுபாங்கிக்கு என்ன வருத்தமென்று நேரே கேட்பாளா?

“மதாம், இப்ப போன பிள்ளைக்குக் குடுத்ததையே எனக்கும் தாங்கோ,” என்று தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் கேட்டாள்.

சீன அம்மா ஒவ்வொன்றாய் நிறுத்துக் கட்டினாள். நீளமாய்ச் சீவிய மஞ்சள் வேர், ஹுவாங் சி. “களைப்புக்கு.” மூக்கைத் துளைக்கிற இன்னொரு வேர், டாங் குய். “இரத்தம் ஊற.” காய்ந்த இலந்தைப் பழம். “அதுவும் இரத்தத்துக்கு.” சிவப்பாய்க் கோஜிப் பழம். “கண்ணுக்கு. எல்லாத்தையும் கோழியோட போட்டு அவியுங்கோ. வேற மருந்து எடுக்கிறதெண்டா டொக்டரைக் கேட்டுப்போட்டுக் குடியுங்கோ.”

வேறென்ன சாட்சி வேணும்? பின்னாலேயே வந்து நின்ற கணவர் பக்கம் திரும்பினாள்.

“கேட்டியளே? களைப்பு, இரத்தமில்லை, கண்ணும் தெரியாதாம்! எல்லாத்தையும் மறைச்சு எங்கட தலையில கட்டப் பாக்கினம்!”

“எதுக்கும் ஒருக்கா உதயனைக் கேட்டுப் பாப்பம்...”

“அவனுக்கென்ன தெரியும்? அப்பாவி!”

மறுநாள் ஞாயிறு. கலியாணத்துக்கு நாள் குறிக்க இருவரும் பொபினியில் இருக்கும் பெண் வீட்டுக்குப் போனார்கள். தேத்தண்ணி வரமுதலே தில்லைநாயகி நாலு பொட்டலங்களையும் மேசையில் வைத்தாள்.

“உங்கட பிள்ளை இதுகளை வாங்குறாவே, என்ன வருத்தம்?”

பெண்ணின் தாய் அஜந்தாவுக்கு முகம் வெளிறிவிட்டது. “ஐயோ, பெரிசா ஒண்டுமில்லை. கொஞ்சம் களைப்பாக் கிடக்கெண்டு சொன்னவள்...”

“அப்ப உண்மைதான்! ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? இப்பிடி மறைச்சுக் கலியாணம் செய்யிறது நல்ல குடும்பத்துக்கு அழகே?”

அஜந்தாவின் கண் கலங்கியது. இரத்தினம் தலையைக் குனிந்துகொண்டார்.

சுபாங்கி குசினி வாசலுக்கு வந்தாள். அவளுக்கும் கோபம்தான், ஆனால் காட்டவில்லை.

“மாமி, ஒருக்கா உள்ள வாங்கோ.”

“எனக்கு என்னத்துக்குப் பயம்? வாறன்!”

அடுப்பில் கோழி சூப் கொதித்துக்கொண்டிருந்தது. சுபாங்கி கதவைச் சாத்தினாள்.

“மெல்லக் கதையுங்கோ மாமி, அம்மாவுக்குக் கேட்டிடும். சூப் உதயனுக்கு, பின்னேரம் கொண்டுபோய்க் குடுக்க. தனக்கு இரத்தம் குறைவு, மாதாமாதம் ஆஸ்பத்திரியில ஊசி போடுறனானெண்டு என்னோட கதைச்ச முதல் நாளே சொல்லிப்போட்டார். நீங்கள் அதை மறைச்சது தெரிஞ்சா அம்மா கலியாணத்தையே நிப்பாட்டிப்போடுவா. அதுதான், களைப்பு எனக்கெண்டு சொல்லி வைச்சிருக்கிறன்.”