சுவரில் ஒரு வெள்ளைக் கை

காரை விற்றபின் காலியாய்க் கிடந்த ஷெட்டுக்குக் கமலவேணியின் மூன்று தையல் மிஷின்கள் வரப்போகின்றன. அவளுக்குப் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. சித்திரைக்குள் முழுவதும் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"கருகுற வாசம் வந்தா நீயே தனியா கரண்டை நிறுத்தணும். முடியலேன்னா தொழிலே வேணாம்," என்றான் கேட்டில் சாய்ந்து நின்ற கணவன்.

ஷெட்டுக்கென்று தனி ஸ்விட்ச் பெட்டி வைக்க, எலக்ட்ரீஷியன் ஜெபமணி இடம் பார்த்தான். கிழக்குச் சுவருக்குப் பின்னால் குளியலறை, ஈரம் ஏறும். வாசல் பக்கம் சாரல் அடிக்கும். மிஞ்சியது உள்கதவை ஒட்டிய நீளச் சுவர்தான்.

"அதுல எந்த இடம்னு உங்க கைதான்க்கா சொல்லணும். அவசரத்துல கை யோசிக்காது. அது தானா போற இடத்துலதான் பெட்டி இருக்கணும்."

துணியில் கோடு போட அவள் வைத்திருந்த சாக்கட்டியையே உள்ளங்கையில் தேய்த்துக்கொள்ளச் சொல்லி, துணியால் கண்ணைக் கட்டினான். மிஷின்கள் வரப்போகும் மூன்று இடங்களிலும் ஸ்டூல் போட்டு, இரண்டிரண்டு தடவை உட்கார வைத்தான்.

"இப்ப கருகுதுக்கா."

"இந்த வயசுல கண்ணாமூச்சி ஆட வைக்கிறியே தம்பி," என்று எழுந்து நடந்து சுவரைத் தொட்டாள்.

ஆறு தடவை தொட்ட சுவரில் ஒரே ஒரு வெள்ளைக் கை இருந்தது. ஒரு விரல்கூட விலகவில்லை.

"கண்ட இடத்துல பட்டிருக்கா தம்பி?"

ஜெபமணி அளவு டேப்பை அளக்காமலே சுருட்டிப் பையில் போட்டான். கேட்டுப் பக்கம் திரும்பி, "அண்ணே, செருப்பைக் கழட்டிட்டு உள்ள வந்து இந்தச் சுவரைப் பாருங்க," என்று மெதுவாகக் கூப்பிட்டான்.